அதிதிகளை வரவேற்கவா பொல்லடி?

முன்னொரு காலத்தில் என்னோடு ஒரே ஆசிரிய பீடத்தில் பணியாற்றியவர். இப்போது ரொறன்ரோவில் வாழ்பவர். அந்தச் சகோதரியிடமிருந்து அண்மையில் நீண்ட மடல் ஒன்று வந்தது. பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வழியிற் சென்றுவிட்டனராம். வேலை முடிந்து வீடு திரும்பினால் தொலைக்காட்சியைத் தவிர வேறு துணை இல்லையாம். ஆகவே வியாழன்தோறும் மாலையில் பர்லெஸ்க் நடன வகுப்பொன்றிற் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தார். உடன் பயில்பவர்கள் தாதி ஒருவர், பஸ் சாரதி ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். சனிக்கிழமைகளில் அயலிலுள்ள சிறு மண்டபத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கிச் சென்று, தம்மைப் போன்ற சாதாரண மனிதர் ஆடுவதைக் கைதட்டி இரசிப்பார்களாம்.

மடலின் முடிவில் ஒரு கேள்வி: "அண்ணன், உங்கட கல்முனையில வேலை முடிஞ்ச ஒரு மனுசன் ஆடப் பழக வேணுமெண்டால் எங்க போவார்?"

முதலிற் சிரித்தேன். தேநீர்க்கடையில் நண்பர்களிடம் சொன்னபோது அவர்களும் சிரித்தனர். ஒருவர் மட்டும் "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார். வீடு திரும்பும் வழியிற் சிரிப்பு அடங்கிவிட்டது, கேள்வி அடங்கவில்லை. அதற்கு விடை சொல்ல முயல்கிறேன். விடை சிலருக்குக் கசக்கும். அந்தச் சிலரில் நானும் ஒருவன்.

பர்லெஸ்க் என்பது கேலி எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லின் வழி வந்தது. பெரியோரின் நாடகங்களையும் பெருமைகளையும் நையாண்டி செய்து ஆடிய ஆட்டம் அது. 1868இல் லிடியா தொம்சன் என்ற ஆங்கிலேய நடிகையின் குழு நியூயோர்க்கில் இறங்கியது. பெண்கள் ஆண் வேடமிட்டு ஆண்களைப் பகடி செய்ததை அந்நகரம் திரண்டு வந்து பார்த்தது, பார்த்துவிட்டுத் திட்டியது. பிற்காலத்தில் உடை களையும் ஆட்டமாக அது சுருங்கிற்று. 1937இல் நியூயோர்க் நகர நிர்வாகம் அக்கொட்டகைகளின் அனுமதிப்பத்திரங்களைப் புதுப்பிக்க மறுத்து மூடிற்று. அதே ஆட்டத்தை 1990களிற் பெண்களே மீண்டும் கையிலெடுத்தனர். இன்று பல நகரங்களில் அது மாலை வகுப்பாகவும் அயல் மண்டபத்து நிகழ்ச்சியாகவும் வாழ்கிறது.

கல்முனையில் பர்லெஸ்க் வகுப்புத் தொடங்குங்கள் எனக் கேட்க நான் இதை எழுதவில்லை. அப்படிக் கேட்டதாக நாளை எவரேனும் ஒலிபெருக்கியிற் சொன்னால் அது அவர் பொறுப்பு. அந்த ஆட்டம் அவர்கள் ஊருக்குரியது. அதன் உடையும் உவகையும் அவர்களுக்குரியவை. என்னை உறுத்தியது வேறு. உழைத்துக் களைத்த மனிதர் ஆடக் கற்பதற்கு அங்கே ஓரிடம் இருக்கிறது. அயலவர் ஆடுவதை அயலவர் பணங்கொடுத்துப் பார்ப்பதற்கு ஒரு மாலைப் பொழுது இருக்கிறது. ஆட்டக்காரர் நடுவே இருக்கிறார். பார்ப்பவர் அவரைப் பார்க்கவே வந்திருக்கிறார்.

நம்மிடம் ஆட்டம் இல்லையா? மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இக்கரையோர முஸ்லிம் ஊர்களில் பொல்லடி அறியாத முதியவர் எவர்? களிகம்பு என்றும் அதனைச் சொல்வர். எட்டுப் பேர், பன்னிரண்டு பேர் என இரட்டைப்படையில் வட்டமாக நிற்பார்கள். இரு கைகளிலும் பொல்லு. அண்ணாவியார் தாளம் போட்டுப் பாட்டெடுக்க, எதிரில் நிற்பவரின் பொல்லோடு தன் பொல்லை மோதி, திரும்பி, அடுத்தவரோடு மோதி, குனிந்து, நிமிர்ந்து, வட்டத்தைச் சுழற்றுவார்கள். மெல்லத் தொடங்கும் பாட்டு விரைவெடுக்கும்போது பொல்லோசையும் காலோசையும் ஒன்றாகிவிடும். நமது ஊர்களில் மணமகன்தான் மணமகள் வீட்டுக்குச் சென்று குடியேறுவான். அந்த மாப்பிள்ளை ஊர்வலத்தின் முன்னே பொல்லடி சென்ற காலம் இருந்தது. கத்னா வீடுகளில் இருந்தது, கந்தூரிகளில் இருந்தது. சீனடி, சிலம்படி இருந்தன. பாவாமார் றபான் தட்டிப் பாடிய பைத்துகள் இருந்தன. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில், நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக நடைபெறும் கொடியேற்ற விழாவிற்குச் சென்ற எவரும் றபான் ஓசையை மறந்திருக்க மாட்டார்.

இவற்றுட் பொல்லடியை இன்று எங்கே காண்கிறோம்? அமைச்சர் வரும் வழியில்.

இங்கே என் குற்றத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன். "பாரம்பரியப் பொல்லடி முழங்க அதிதிகள் மாலையணிவித்து வரவேற்கப்பட்டனர்." இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. கட்டடத் திறப்புவிழா, பரிசளிப்பு விழா, வீதி அங்குரார்ப்பணம், எதுவாயினும் இவ்வாக்கியம் தயாராக இருக்கும். அதிதிகளின் பெயர்கள் பதவி வரிசைப்படி தொடரும். பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி. ஒரு பெயர் விடுபட்டால் மறுநாள் தொலைபேசி அலறும். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் அண்ணாவியாரின் பெயரை நான் எழுதியதில்லை. எவரும் தொலைபேசியில் அழைத்துக் கேட்டதுமில்லை. பொல்லடி என் செய்திகளில் ஒரு வாத்தியம் போல முழங்கிற்று. அடித்த கைகள் யாருடையவை என்று நான் எழுதவில்லை.

ஒரு விழாவை மட்டும் மறக்க முடியவில்லை. ஊரும் பெயரும் வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு வரவேண்டிய பெரிய மனிதர் நண்பகல் தாண்டியே வந்தார். பொல்லடிக்காரர் எட்டரை மணி தொடக்கம் தார்வீதியில் வெறுங்காலுடன் நின்றனர். வாகனம் வந்ததும் ஆட்டம் தொடங்கிற்று. அவர் இறங்கி, புகைப்படக்காரருக்கு முகங்காட்டி, கைபேசியிற் பேசியபடி நடந்தார். பாட்டு முதலாம் அடியைத் தாண்டவில்லை. வட்டம் ஒருமுறை முழுதாகச் சுழலவில்லை. ஏற்பாட்டாளர் ஒருவர் கையசைத்து, "போதும், போதும், வழி விடுங்க" என்றார். நான்கு மணி நேரக் காத்திருப்புக்கு ஒரு நிமிட ஆட்டம். பின்னர் ஆளுக்கொரு சோற்றுப் பார்சல். முதியவர் ஒருவர் பார்சலை வாங்காமல், இரு பொல்லுகளையும் துவாயிற் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்துபோனார். அன்றிரவும் நான் அதே வாக்கியத்தைத்தான் எழுதி அனுப்பினேன்.

வரவேற்பு என்பது பொல்லடியின் ஒரு பயன். அதன் முழு வாழ்வும் அதுவே என்றாகிவிட்டால் கலை வாயிற்காவலன் ஆகிவிடுகிறது. வாயிற்காவலனை யாரும் நின்று பார்ப்பதில்லை. அவனிடம் யாரும் தொழில் பழகவும் வருவதில்லை.

அடுத்த தரப்பாரிடம் வருகிறேன். ஆட்டமும் பாட்டும் மார்க்கத்திற்கு ஆகாது என்போர் அவர்கள். இவர்களிற் பலரை அறிவேன்; மனச்சான்றோடு பேசுபவர்கள். இசை குறித்துச் சன்மார்க்க அறிஞரிடையே நூற்றாண்டுகளாகக் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் அறிவேன். இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் ஸமாவுக்கெனத் தனிப் பகுதியே எழுதும் அளவுக்கு அது விரிந்த விவாதம். எனவே "ஆகாது" என்று ஒருவர் தமக்கென முடிவுசெய்வதை மதிக்கிறேன். "இது எப்போதும் நம்முடையதாக இருந்ததில்லை, அயலாரிடம் ஒட்டிக்கொண்ட அழுக்கு" என்று ஊருக்கே தீர்ப்பெழுதுவதை மட்டும் ஏற்க மறுக்கிறேன்.

பெருநாள் தினமொன்றில் அபிசீனியர் ஈட்டிகளோடும் கேடயங்களோடும் மதீனாப் பள்ளியில் விளையாடினர். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களைத் தமக்குப் பின்னால் நிறுத்தி அதைப் பார்க்கச் செய்தார்கள். அன்னையார் தாமாகச் சலிக்கும் வரை நின்றுகொண்டிருந்தார்கள். விளையாடியவர்கள்மீது உமர் (ரழி) அவர்கள் சிறுகல் எறிய முற்பட்டபோது விட்டுவிடுமாறு தடுத்தார்கள். இச்செய்திகளை நான் புனையவில்லை. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளவை. கம்பும் கேடயமும் கொண்டு ஆடியோரையும், நின்று நிதானமாகப் பார்த்தோரையும் நமது மூல நூல்கள் மறைக்கவில்லை. அந்தப் பார்வையில் அவசரம் இருக்கவில்லை என்பதை நமது அதிதிகளும் கவனிக்கலாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளும், ஐந்து நாட்களின் பின்னர் சாய்ந்தமருதில், நமது வீடுகளிடையே, குழந்தைகளும் மாண்டுபோன அந்த இரவும் நம்மை நிலைகுலையச் செய்தன. அதன் பின்னர், "நமது கலைகளை மேடையேற்றிக் காட்டுவோம்; நாம் இம்மண்ணின் மக்கள் என்பது விளங்கும்" என்ற குரல்கள் எழுந்தன. நல்லெண்ணம்தான். ஆயினும் ஆட்டத்தை நன்னடத்தைச் சான்றிதழாக நீட்டுவது எனக்கு உடன்பாடன்று. ஆட மறுக்கும் பக்திமான் சந்தேகத்துக்குரியவரும் அல்லர். ஆடுபவர் அதனாலேயே நற்பிரசையும் ஆகிவிடார். பிறருக்கு நம்மை நிரூபிப்பதற்காக ஆடினால், நிரூபணம் தேவைப்படாத நாளில் பொல்லு மீண்டும் பரணுக்குப் போய்விடும். நமக்காக ஆடினால்தான் அது நிலைக்கும்.

பெண்களின் நிலை இதனினும் துயரமானது. இக்கரையின் நாட்டார் கவிகளிற் பெரும்பகுதி பெண்களின் குரல். வயலுக்குப் போனவனை எண்ணியும், வாக்குத் தவறியவனைக் கேலி செய்தும், கணத்தில் நாலடி கட்டி எறியக்கூடிய உம்மம்மாமார் நம் வீடுகளில் இருந்தனர். பகடியிலும் எதிர்க்கவியிலும் அவர்கள் சளைத்தவர்களல்லர். ரொறன்ரோச் சகோதரி கண்டால் இதுவன்றோ எங்கள் பர்லெஸ்க் என்பார். நிந்தவூர் எஸ். முத்துமீரான், சாய்ந்தமருது எஸ்.எச்.எம். ஜெமீல் போன்றோர் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தமையால் அவற்றில் ஒரு பகுதி அச்சில் எஞ்சியுள்ளது. அச்சிலே எஞ்சியது சொல். இழுத்துப் பாடும் அந்த இராகமும் கல்யாண வீட்டுக் குரவையும் அச்சில் ஏறா. பாடத் தெரிந்த ஒருவர் பாடத் தெரியாத ஒருவருக்கு நேரிற் கொடுத்தாலன்றி அவை கைமாறா. பெண்கள் தமக்குள், தம் வளவுக்குள், தம் விருப்பப்படி கூடிப் பாடிப் பழக ஒரு மாலை வேண்டுமென்றால் அதைத் தடுக்க எந்தக் கிதாபைக் காட்டப் போகிறோம்?

"காலம் மாறிவிட்டது, இனி எவர் பழகுவார்?" என்ற மூன்றாவது மறுப்பையும் அடிக்கடி கேட்கிறேன். சோம்பலுக்கு நாம் இட்ட நாகரிகமான பெயர் இது. மட்டக்களப்புக் கூத்துக்கும் இதே சாவுமணியை அடித்தவர்கள் இருந்தனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அண்ணாவிமாரைக் கிராமங்களில் தேடிச் சென்றார். 1962இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்' எனப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். இராவணேசனில் ஆடிய இளைஞர் சி. மௌனகுரு பின்னாளிற் பேராசிரியராகி, மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை நூலாக எழுதினார். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கர் சீலாமுனைக் கிராமத்தாரோடு அமர்ந்து கூத்து மீளுருவாக்கத்தில் ஈடுபட்டார். காலம் அவர்களுக்கும்தான் மாறியிருந்தது. யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, சாய்ந்தமருதிலிருந்து நடந்து போகும் தூரம். மறைந்த இசையை ஒரு மனிதர் ஆயுள் முழுதும் தேடிய ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, மறையாத ஆட்டத்தை நாம் மறையவிடுகிறோம்.

கூத்து வேறு, நாம் வேறு என்பீர்களாயின் கேரளத்தைப் பாருங்கள். மலபார் மாப்பிளமார் நம்மைப் போலவே ஷாபிஈ மத்ஹபினர். அவர்களது கோல்களி நமது பொல்லடியின் உடன்பிறப்பு. அங்கே பாடசாலைகளுக்கான மாநிலக் கலோற்சவத்தில் கோல்களியும் ஒப்பனையும் தஃப்முட்டும் போட்டி நிகழ்ச்சிகள். ஒப்பனைக்காகப் பெண்பிள்ளைகள் மாதக்கணக்கிற் பயிற்சி பெறுகின்றனர். கொண்டோட்டியில் மகாகவி மோயின்குட்டி வைத்தியரின் பெயரில், மாப்பிளக் கலைகளுக்கென அரசின் ஆதரவோடு ஓர் அகாதமியே இயங்குகிறது. ஆட்சேபிப்போர் அங்கும் உளர். அவர்கள் ஆட்சேபிக்கிறார்கள், பிள்ளைகள் ஆடுகிறார்கள். இங்கோ பாடசாலை அழகியற் பாடங்களிற் பரதமும் கர்நாடக சங்கீதமும் உண்டு. பொல்லடிக்கெனத் தனிப் பாடமில்லை. நம் பிள்ளைகள் அநேகமாகச் சித்திரத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

மடல் வந்த பின்னர் நான் ஒரு காரியம் செய்தேன். துவாயிற் பொல்லைச் சுற்றிக்கொண்டு நடந்துபோன அந்த முதியவரைத் தேடிச் சென்றேன். அவர்தான் அண்ணாவியார் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டக் கரையோரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. அவரது குழுவில் மூவர் அந்தக் கணக்கில் அடங்குவர். எஞ்சியோர் வெவ்வேறு வீட்டுத் திட்டங்களுக்குச் சிதறினர். பிறகு சேர்ந்த இளைஞர்களிற் பலர் கட்டாருக்கும் சவூதிக்கும் போயினர். இப்போது கூப்பிட்டால் வரக்கூடியவர் ஐந்து பேர். "ஒத்தையா நிண்டா அடிக்கேலா தம்பி" என்றார். ஒருவரின் பொல்லுக்கு எதிர்ப்பொல்லு இல்லாமற் போகுமே!

ஆறாமவனாக நான் நின்றேன். அறுபதைக் கடந்த வயதில், அவரது வளவில், மஃரிபுக்குப் பின்னர், பத்து மாலைகள். முதல் மாலையிற் பெருவிரல் வீங்கிற்று. இரண்டாம் மாலை எதிரில் நின்ற தச்சரின் மணிக்கட்டில் அடித்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தடவிக்கொண்டார். "பொல்லப் பார்க்காத தம்பி. முன்னுக்கு நிக்கிறவன்ட கண்ணப் பாரு. பொல்லு தானா வரும்" என்று அண்ணாவியார் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏழாம் மாலை வந்தது. வட்டம் இருமுறை பிசகாமற் சுழன்றது. மூச்சிரைக்க நின்றபோது வேலியோரத்தில் கைதட்டல் கேட்டது. அயற்பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டபடி இரண்டு உம்மாமார். எவரும் அழைப்பிதழ் அனுப்பவில்லை. எவரும் பிரதம அதிதி அல்லர். பத்திரிகைத் தொழிலில் நான் கண்ட எந்த விழாவிலும் அப்படியொரு மகிழ்ச்சியை அனுபவித்ததில்லை. ஒன்பதாம் மாலை அப்பிள்ளைகளில் இருவர் முருங்கைக் கம்புகளோடு வந்து நின்றனர். அண்ணாவியார் அவற்றை வாங்கிப் பார்த்து, "இது முறிஞ்சி போகும்" என்று உள்ளே போய்ப் பழைய பொல்லுகள் நாலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆகவே எனது கோரிக்கைகள் பெரியவையல்ல. கலாசார மண்டபங்கள் நம் ஊர்களில் உண்டு. கூட்டங்கள் இல்லாத நாட்களிற் பூட்டியே கிடக்கின்றன. கிழமையில் ஒரு மாலை அவற்றைத் திறந்து அண்ணாவிமாரிடம் ஒப்படையுங்கள். கற்பிப்பவருக்குச் சம்பளம் கொடுங்கள். சோற்றுப் பார்சல் சம்பளமாகாது. மாதத்தில் ஓரிரவு, அதிதிகள் எவருமின்றி, வரவேற்புரையும் நன்றியுரையும் இன்றி, ஆட்டம் தொடங்கி முடியும்வரை ஊரார் அமர்ந்து பார்க்கட்டும். சிறு தொகையாயினும் கட்டணம் செலுத்திப் பார்க்கட்டும். விரும்பாதவர் வரவேண்டாம். என் தொழில் சார்ந்த தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அந்த வாக்கியத்தை எழுத நேர்ந்தால், "முழங்க" என்ற சொல்லுக்கு முன்னால் அண்ணாவியாரின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். ஆசிரியர் வெட்டினால் மறுமுறையும் எழுதுங்கள்.

ரொறன்ரோச் சகோதரிக்கு இன்னும் பதில் எழுதவில்லை. மாலை வகுப்புக்கு எங்கே போவார்கள் என்ற அவரது கேள்விக்கு, இப்போதைக்கு என்னிடம் ஒரு முகவரிதான் உண்டு: ஓர் ஏழை முதியவரின் வளவு, மஃரிபுக்குப் பின்னர், ஆறு பெரியவர்களும் இரண்டு சிறுவர்களும். எட்டாகிவிட்டோம். இரட்டைப்படைதான்.